நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் ஏழு நாற்பது ரயிலும்

பாகாலா,
6-3-1960, ஞாயிறு.

அன்பு மகன் தியோடருக்கு,

நைனா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, ஆனால் அடுப்படியில் உட்கார்ந்து எழ இன்னும் ஒரு கை வேண்டியிருக்கிறது. இன்று ஆராதனைக்கும் அவளால் வர முடியவில்லை. எனக்கு ஒன்றுமில்லை, அசதிதான். தலைமையாசிரியர் வேலையை இந்த முறையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், என்னைவிட ஆறு வருஷம் இளையவர், அவர் எழுதும் தெலுங்கில் பிழை திருத்துவதும் நான்தான். திருத்தணி வரும் ஒன்றாம் தேதி சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது அல்லவா, நம் தமிழ் பேசும் வாத்தியார்களில் சிலர் அந்தப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார்கள். நான் போடவில்லை. இந்த வயதில் இன்னொரு ஊரில் போய் இன்னொருவனிடம் தோற்க எனக்குத் தெம்பில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வீட்டுக்கு ஒரு கார், சில வீடுகளுக்கு இரண்டு கார் என்று இருக்கிற, நீ கடல் தாண்டிப் போய்ப் படிக்கிற அந்தப் பெரிய ஊரில் காலையும் மாலையும் ரயில் விட்டால் ஜனம் ஏறுமா என்று விசாரிக்க உங்கள் பேராசிரியர் பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பினார் என்றும், நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் ஏறுவோம் என்று சொன்னார்கள் என்றும் சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். நம் பாகாலா திருப்பதி காலை ரயிலுக்கு நான் வாங்கிய கையெழுத்துக் கணக்கையும் கேட்டிருக்கிறாய், உன் அறிக்கையில் சேர்க்க. தம்பி, அந்த ரயிலை பிப்ரவரி இருபத்தேழோடு நிறுத்திவிட்டார்கள். ஆறு வாரம் ஓட்டிப் பார்த்து, தேறாது என்று எழுதிவிட்டார்கள். உனக்கு இதை எழுத எட்டு நாளாகக் கை வரவில்லை.

கையெழுத்து நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் நானே வாங்கியது. ஆபீஸ் குமாஸ்தா, கடைக்காரர், காலேஜ் பிள்ளைகளின் தகப்பன்மார், தாமலசெருவு வரைக்கும் சைக்கிளில் போனேன். ஒருவரும் மறுக்கவில்லை, ரயில் வந்தா உட்டுடுவமா சாரு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். என்னைத் தமிழன் என்று குத்தி, அரவத்து அய்யவாரு ரயில், திருத்தணியோடு அதையும் அந்தப் பக்கம் எடுத்துக்கினு போகட்டும் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவன்கூட முகத்துக்கு நேரே கையெழுத்துப் போட்டான். அவர்கள் பிள்ளைகள் என்னிடம் கணக்குப் படிக்கிறார்கள். வாத்தியார் காகிதத்தை நீட்டினால் எவன் மாட்டேன் என்பான். இருபத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை. உங்கள் எழுபத்திரண்டு பேரையும் ஒரு முறை நினைத்துப் பார். வாசலில் ஒரு நல்ல பிள்ளை காகிதமும் பென்சிலுமாக நிற்கிறான், ஆமாம் என்று சொல்ல ஒரு செலவும் இல்லை. ரயில் வந்தால் ஏறுவீர்களா என்று கேட்காதே. இன்று காலை எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், வழியில் எங்கே நின்றீர்கள், யாரை ஏற்றிக்கொண்டீர்கள் என்று கேள். அதில்தான் பதில் இருக்கும்.

இங்கே யாரிடமும் கார் இல்லை, ஆனால் நாகபூஷணம் பஸ் இருக்கிறது. சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் சிலேட்டைப் பார்த்து எழுதினவன் என்று உனக்கு நூறு முறை சொல்லியிருக்கிறேன், இப்போது அவனுக்கு ஆறு பஸ். திருப்பதிக்குப் போகிற அந்த ஏழு மணி பஸ் கை காட்டின இடத்தில் எல்லாம் நிற்கும், ஒருத்தி உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தால் ஹாரன் அடித்துக் காத்திருக்கும், மறந்த சாப்பாட்டுக் கேரியரை ஆபீஸ் வாசலில் இறக்கிக் கொடுக்கும். ரயில் நிறுத்தின அன்றைக்குக் கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டு, இன்னா அய்யவாரே, உன் ரயிலு ஜனத்த ஸ்டேஷனுக்கு வான்னுது, என் பஸ்ஸு ஜனத்தோட ஊட்டாண்ட போய் நிக்குது, இதுக்கா நானூறு பேர்கிட்ட கையெழுத்து வாங்கின என்றான். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் என் காகிதத்தில் இருப்பவர்கள்.

ஆனால் உன்னிடம் முழுவதும் சொல்லிவிட வேண்டும், இதை உன் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. ரயில்வேக்காரர்கள் இரண்டு நேரம் கொடுத்தார்கள், ஆறே முக்கால் அல்லது ஏழு நாற்பது. கிழமையையும் என்னிடமே விட்டார்கள். நான் ஏழு நாற்பது என்றேன், ஜனவரி பதினெட்டு திங்கட்கிழமை என்றேன். ஏன் தெரியுமா, அம்மாவுக்கு முடியாமல் போய் உன் தங்கை ஞானசௌந்தரி திருப்பதி ஹாஸ்டலை விட்டு வந்ததிலிருந்து காலைச் சமையல் அவள் கையில்தான், ஆறே முக்காலுக்கு அவளால் கிளம்ப முடியாது. பொங்கல் விடுமுறை முடிந்து அவள் காலேஜ் திறப்பது அந்தத் திங்கட்கிழமை. ஏழு மணிக்குப் பாதிச் சமையலில் ஓடிப் போய் நாகபூஷணம் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறாளே, முதல் நாளே ரயிலில் உட்கார்ந்து போகட்டும் என்று நினைத்தேன். ஊருக்கு ரயில் கேட்டவன் தன் வீட்டுக்கு நேரம் குறித்தேன். ஸ்டேஷன் கேட்டருகே இட்லி விற்கிற மணியம்மா அப்போதே சொன்னாள், இன்னா சாரு, திங்கக்கெழம ஏழர ஒம்போது ராவுகாலமாச்சே, மொத மொத எவன் வந்து ஏறுவான், புதன்கெழமைக்கு மாத்திக்கோ என்று. உன் பஞ்சாங்கத்தை இட்லித் தட்டுக்கு அடியில் வை என்று எரிந்து விழுந்தேன். நம் வீட்டில் அதையெல்லாம் பார்ப்பதில்லை, அதனால் ஊரும் பார்ப்பதில்லை என்று ஆகிவிடுமா.

அந்தத் திங்கட்கிழமை ஏழு மணிக்கு முன்பே அறுபது பேருக்கு மேல் ஸ்டேஷன் வாசலுக்கு வந்தார்கள், என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார்கள், நாளைக்கு ஏர்றோம் சாரு என்று சொல்லி அத்தனை பேரும் ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். ரயில்வேயிலிருந்து எண்ண வந்த அதிகாரி நாலு பெட்டியையும் நடந்து பார்த்து முப்பத்தொன்று என்று எழுதினார். அதில் நான் ஒருவன், உன் தங்கை ஒருத்தி. மறுநாள் செவ்வாய்க்கிழமை, புதிதாக ஒன்றைத் தொடங்க மாட்டார்கள். புதன்கிழமை எழுபத்து நாலு பேர் ஏறினார்கள், அன்றைக்கென்று பனப்பாக்கத்தில் எதிர் வண்டிக்காக ஐம்பது நிமிஷம் நிறுத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு தொண்ணூறைத் தாண்டவே இல்லை. அவர்கள் கேட்டது இருநூறு. திங்கட்கிழமையால் மட்டும் கெட்டது என்று நான் சொல்லவில்லை, ஆனால் வெறும் வண்டி என்ற பேரை முதல் நாளே வாங்கிக் கொடுத்தவன் நான்.

ரயில் நின்ற கோபத்தில் நான் இன்னொன்றும் செய்தேன். என்னைத் தோற்கடித்தவன் பஸ்ஸில் இந்த வீட்டுப் பெண் ஏறக்கூடாது, வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்றேன். ஒரு வாரமாக அவள் காலேஜுக்குப் போகவில்லை. இன்னும் நாலு நாள் போகாவிட்டால் அட்டெண்டன்ஸ் குறைந்து பரீட்சைக்கு விடமாட்டார்கள், ஒரு வருஷம் வீணாகும், பிறகு யார் அனுப்புவார்கள். உன் அம்மா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. ஞானம் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. நேற்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே, நைனா, அந்தத் திங்கக்கெழமைய எனக்காக வெச்சீங்கன்னு எனக்குத் தெரியும், இப்ப யாருக்காக என்ன ஊட்ல வெச்சிக்கினு இருக்கீங்க என்று கேட்டாள். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

சாயங்காலம் நாகபூஷணம் ஷெட்டுக்குப் போனேன். அவன் பஸ் வாங்கின நாளிலிருந்து பதினோரு வருஷமாக நான் மிதிக்காத இடம். அவன் ஒரு வார்த்தை ஏளனமாகச் சொல்லியிருந்தால் திரும்பி வந்திருப்பேன், அதைத்தான் எதிர்பார்த்தேனோ என்னவோ. அவன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, இன்னா அய்யவாரே, பொண்ணுக்கு ஒடம்பு செரியில்லியா, ஊரு எல்ல தாண்டற வரைக்கும் கண்டக்டரு முன் சீட்ட காலியா வெச்சிக்கினு போறான், ஜனம் அவன திட்டுது என்றான். ஒரு வாரம் முழுவதும் அந்த சீட்டை அவளுக்காக வைத்திருக்கிறார்கள். நான் நன்றி சொல்லவில்லை, எனக்கு அது வராது. திங்கட்கிழமை வருவாள் என்று மட்டும் சொன்னேன். வாசல்ல வண்டி நிக்கும் என்றான். வேண்டாம், எல்லோரையும்போல ஸ்டாண்டுக்கே வருவாள் என்றேன். நாளை நானும் லீவு போட்டுவிட்டு அவளோடு போகிறேன், காலேஜில் அட்டெண்டன்ஸ் விஷயமாகக் கெஞ்ச வேண்டியதை நானே கெஞ்ச வேண்டும்.

உன் அறிக்கையில் நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதாதே. முப்பத்தொன்று என்று எழுது. அந்தக் கையெழுத்துகளை வாங்கினவனுக்கு அந்த ரயிலில் போக ஒரு வேலையும் இருக்கவில்லை என்பதையும் எழுது, முதல் கையெழுத்து என்னுடையது.

கர்த்தர் உன் படிப்பையும் உடம்பையும் காத்து, நல்லபடியாக எங்கள் கண்முன் கொண்டுவந்து சேர்ப்பாராக. அம்மா உனக்குத் தன் முத்தங்களைச் சொல்கிறாள், தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்கிறாள். பரீட்சை ஏப்ரல் நாலாம் தேதி, அதற்குள் கிடைக்கும்படி ஞானத்துக்குத் தனியாக இரண்டு வரி எழுது. நான் நாளை அந்த பஸ்ஸில் ஏறுவதை அவள் உனக்குச் சிரிக்கச் சிரிக்க எழுதத்தான் போகிறாள், அவளுக்கு முன்னால் நான் எழுதிவிட வேண்டும் என்றுதான் இன்று உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள தகப்பன்,
சா. ஏசுரத்தினம்