பட்டர் பீன்ஸ் புரோட்டீன்

கிளாவரை, 2006

அன்பு மகளுக்கு,

நரம்பு வளரச் செய்யுற புரோட்டீனை லேப்ல தேடுறேன்னு நீ போன்ல சொன்னாலும் சொன்ன, உங்கம்மா தம்பிக்குத் தினமும் பட்டர் பீன்ஸை வேகவச்சு ஊட்டுறா. புரோட்டீன் சேந்தா அவன் காலை ஊனி நடந்துருவானாம்.

எனக்கு நீ தனியா விளக்குனது மறக்கல. நரம்பு முளைவிடுறப்ப அது மேல இருக்குற ரிசெப்டர்ங்குற கொண்டியில அந்தப் புரோட்டீன் வந்து மாட்டுனாத்தான், எந்தப் பக்கம் போகணும்னு நரம்புக்குத் தெரியும். அதெல்லாம் தாய் வயித்துக்குள்ளயே முடிஞ்சுபோற சோலின்னும் சொன்ன. தம்பிக்கு இப்ப பன்னெண்டு வயசு. அம்மாகிட்ட நான் வாயத் தொறக்கல.

பய நல்லா வெயிட் போட்டுட்டான். பஸ்ஸுக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள என் முதுகு கழண்டுருது.

பொங்கலுக்கு வர்றப்ப அம்மா கேப்பா. பீன்ஸ் நல்லதுன்னே சொல்லு. எனக்கு முதுகுக்குத் தைலம் வாங்கிட்டு வா.

இப்படிக்கு,
அப்பா