வாத்துக்கு ஆறடி

4 மே 1988, புதன்

லீவு விட்டு நாலு நாள். இந்த வருஷம் ஊருக்கும் போகப் போவதில்லை, தையலும் இல்லை. வாத்துதான். பத்து வருஷ ஆசை. பள்ளி ஆயா அங்காளம்மாள் கேளம்பாக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள்: முட்டைப் பருவத்தில் ஆறு வாத்து, ஜூன் முதல் வாரம். அதற்குள் பின்பக்கம் தயாராக வேண்டும். காலையில் எருக்கஞ்செடிகளை வெட்டிச் சாய்த்தேன். கை முழுக்கப் பால்.

7 மே, சனி

முருங்கை நிழலில் ஒன்றரை அடிக் குளம் தோண்ட ஆரம்பித்தேன். ஆபீஸிலிருந்து வந்த இவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இங்க வேணாம் ஜெயசீலி. மதில் மூலையில எடு. எட்டுக்கு அஞ்சு, ஆழம் ஆறடி." வாத்துக்கு எதுக்கு ஆறடி என்றேன். "இந்த வெயிலுக்கு ஒன்றரை அடித் தண்ணி ஒரு வாரம் நிக்காது."

இவர் இந்தப் பீர்க்கன்கரணை ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். வேப்பேரிக்காரி நான் என்னத்தைக் கண்டேன்?

8 மே

முதுகு.

11 மே, புதன்

மூன்றடிக்குக் கீழே என்னால் ஆகவில்லை. கொத்தனார் லோகநாதன் தோண்டுகிறார், நான் மண் சுமக்கிறேன். நாத்தனார் தபீதாள் பொழிச்சலூரிலிருந்து வந்து, "குடுங்க அண்ணி" என்று சட்டியை வாங்கிக்கொண்டாள். இப்படி ஒரு நாத்தனார் யாருக்கு வாய்க்கும்? மீன் குழம்பு வைத்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

17 மே, செவ்வாய்

கொட்டகை முடிந்தது. வாசல் அகலமாக வைத்திருக்கிறேன். காலையில் திறந்ததும் வாத்தெல்லாம் ஒரே சமயத்தில் முண்டியடித்துக்கொண்டு வருமாம், மணி அடித்ததும் என் நாலாம் வகுப்பு வருவது மாதிரி. கீரி நுழையாமல் கம்பி வலையை அரை அடி மண்ணுக்குள் இறக்கியாயிற்று. தரைக்கு உமி வந்துவிட்டது.

வாத்து ஏறி வரக் குழியில் ஒரு பக்கம் சரிவு வேண்டும் என்றேன். லோகநாதன் சிரித்தார். "சரிவா? அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கினு செய்றேன் டீச்சர்."

22 மே, ஞாயிறு

கோயிலில் அறிவிப்பு வாசித்தார்கள். வருகிற சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, சகோதரர் லாசரஸ் வீட்டுப் பின்மனையில், அவர் தங்கை தபீதாள் கட்டப்போகும் வீட்டுக்கு அடிக்கல் ஜெபம். சபையார் அனைவரும் வரவும்.

பக்கத்தில் இருந்த ரத்தினபாய் என் கையைப் பிடித்து, "ரொம்ப சந்தோஷம்" என்றாள். நானும் சிரித்தேன். எனக்கு என்ன சந்தோஷம் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "நேரம் பாத்து சொல்லலாம்னு இருந்தேன். எங்க அம்மா மனைதானே, அவளுக்கும் பாத்யதை இருக்கு." வாத்து? "முன்பக்கம் வெச்சுக்கலாம்."

23 மே

லோகநாதன் செங்கல்லோடு வந்தார். குழிக்கு எதுக்கு இவ்வளவு கல் என்றேன்.

"செப்டிக் டேங்க் டீச்சர். அண்ணன் சொல்லலியா? தபீதாக்காவுக்குக் கூடத் தெரியுமே."

அதான். எல்லாருக்கும் தெரியும். கொத்தனாருக்குத் தெரியும், கோயில் முழுக்கத் தெரியும். அவ கக்கூஸுக்கு நான் மண்ணு சுமந்திருக்கேன். எம் பக்கத்துலயே நின்னு சட்டிய வாங்கினாளே, எப்படி அவளுக்கு மனசு வந்தது? நான் சாயங்காலம் முதுகப் பிடிச்சிக்கிட்டுப் படுத்தப்போ தைலம் தேச்சி விட்டாரே இந்த மனுஷன். அப்பவாவது வாயத் திறந்திருக்கலாமே. மனையைக் கேட்டிருந்தா, ஆகட்டும்னு சொல்லியிருப்பேன். நிச்சயமா சொல்லியிருப்பேன்.

28 மே, சனி

ஜெபம் நடந்தது. கொட்டகையை நேற்றே பிரித்துவிட்டார்கள். சபை ஐயர் இந்தக் குடும்பத்தின் ஒற்றுமைக்காக ஸ்தோத்திரம் சொன்னார். எல்லோருக்கும் டீ கொடுத்தேன். ஆமென் சொல்லவில்லை.

12 ஜூன், ஞாயிறு

முன்பக்கம் இவரே குளம் வெட்டி, சரிவும் வைத்துவிட்டார். ஒன்றரை அடி. கேளம்பாக்கத்துக்கும் இவரே போய் ஆறு வாத்தையும் கூடையில் கொண்டுவந்தார். "வந்து பாரேன்" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்றேன்.

வேலை இருக்கத்தான் செய்தது. பள்ளி மேனேஜருக்கு ஒரு மனு எழுதினேன்.

19 ஜூலை

தபீதாள் வீடு ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள்.

1 அக்டோபர், சனி

இவர் ஐந்து முட்டை பொறுக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். அங்கே நேற்று வந்த உத்தரவு கிடந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"கேளம்பாக்கமா? தினம் போய் வர முடியாதே."

"ஸ்கூல் பக்கத்துலயே வீடு பாத்துட்டேன்."

"எப்போ கேட்டே இந்த மாறுதலை?"

"ஜூன்ல."

கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கிவிட்டது. "கூடவே இருக்கேன். எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன் என்றேன். முட்டைகளைக் கழுவி வேகப் போட்டேன்.