முதல் படியின் உயரம்

9 ஜூலை 1969

அந்தோணி தன் சைடுகார் வைத்த மோட்டார் சைக்கிளுக்கு மூன்று கியர் பெட்டியே போதுமா, நான்கு கியர் பெட்டி வாங்கலாமா என்று தீவிலிருந்து மெயின்லேண்டுக்கு எழுதுமுன், எதற்கும் ஓர் உதாரணம் சொல்லும் என்னைத்தான் கேட்டார்.

"படிக்கட்ட நெனச்சுப் பாருங்க அந்தோணி. படி கூடுனா ஏறுறது சுலபம்."

"டீக் ஹை சார், நாலே போட்டுருவோம்."

பெட்டி கப்பலில் வந்தது. நேற்று பூட்டினார்கள். இன்று ஃபீனிக்ஸ் பே துறையில் மீன் ஏற்றி, மனைவி மேரியையும் சைடுகாரில் உட்காரவைத்து வந்திருக்கிறார். பெரார்கஞ்ச் மேட்டில் முதல் கியரிலேயே எஞ்சின் நின்றுபோய், வண்டி பின்னால் உருண்டு கவிழ்ந்தது. மேரியின் கால் வண்டிக்கு அடியில் சிக்கி நசுங்கிவிட்டது.

"இது சைடுகார் இல்லாத வண்டிக்கான பெட்டி சார். முதல் கியர்ல இழுவை கம்மி. பழசே தேவலாம்" என்றார் மெக்கானிக். நான் படிகளை எண்ணினேன். முதல் படி எவ்வளவு உயரம் என்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தோணி எழுந்து எனக்கு நாற்காலியைத் தந்தார். கோபமே இல்லை.

"கால எடுக்கணும்கிறாங்க சார். எடுக்காட்டி உயிருக்கே ஆபத்தாம். மேரி வேண்டாம்னு அழுவுறா. நாளைக்குக் காலையில டாக்டர்ட்ட முடிவு சொல்லணும். நீங்க சொன்னா சரி."

அப்போதும் என் மனம் ஓர் உதாரணத்தைத்தான் தேடியது.