வால்வை மூடினால் போதுமா?

ஜனவரி 9

இன்றோடு கருத்தடை மாத்திரைக்கு முழுக்கு. கண்ணோரத்தில் மின்னல் மாதிரி கோடுகள் நெளிந்து, பிறகு மண்டையைப் பிளக்கிற வலி வருகிறது என்று சொன்னதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இதை ஏம்மா முன்னாடியே சொல்லல? இப்படித் தலைவலி வர்றவங்க இந்த மாத்திரை சாப்பிடவே கூடாது.” ஊசி போன வருஷமே ஒத்துக்கொள்ளவில்லை. ஹார்மோனில் வேறு வகையும் இருக்கிறதாம். அந்த வாடையே வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

எழுந்தபோது அவர் சொன்னது: “எதையாவது பண்ணுங்க, மூணாவது மட்டும் வேண்டாம். சின்னவ பொறந்தப்பவே உங்களை இழுத்துப் புடிச்சுத்தான் வெச்சோம்.”

ரத்தம் நிற்காமல் போன அந்த நாளில் எனக்குப் பாதிதான் ஞாபகம். மீதிப் பாதி என் கணவரிடம் இருக்கிறது. வாயைத் திறக்கமாட்டார்.

வீட்டில் சொன்னேன். “நீ கவலையே படாதே, நான் ஆராய்ச்சி பண்றேன்” என்றார். ஊருக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் விற்கிறவர். ஆபத்தை எடைபோடுவதுதான் அவர் பிழைப்பு. அடுத்தவர் ஆபத்தை.

ஜனவரி 12

ஆணுறை வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். தலைவலித் தைலம் வாங்கி வந்தார். மருந்துக் கடைக்காரர் இவரிடம் பாலிசி எடுத்தவராம்.

ஜனவரி 13

இன்று வேறு தெரு. இருமல் மருந்து.

“இந்த ஊர்ல உங்ககிட்ட பாலிசி எடுக்காத மருந்துக்கடையே இல்லையா?”

“இருந்தா நான் என்ன ஏஜெண்டு?”

ஜனவரி 15

நானே போனேன். பையில் குழாய்களைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டி விற்றவள் நான். இன்றைக்குச் சொந்தக் கடை. கக்கூஸ் பீங்கானைக் கடை வாசலில் அடுக்கி வைத்து, வா வா என்று கூப்பிட்டு விற்கிறேன். எனக்கென்ன கூச்சம்?

கடைக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். காகிதத்தில் சுற்றினார். அதை ஒரு பையில் போட்டார். அந்தப் பையை இன்னொரு பையில் போட்டார். நான் எல்லாவற்றையும் பிரித்து, காலாவதித் தேதியைப் பார்த்து, மொத்தமாக எடுத்தால் விலை குறையுமா என்று கேட்டேன். அவருக்குப் புரையேறிவிட்டது. இருமல் மருந்து அவருக்குத்தான் தேவைப்பட்டது.

ஜனவரி 28

ஆராய்ச்சி முடிந்துவிட்டதாம். சாப்பிட்டதும் என்னை உட்காரவைத்து, பாலிசி விளக்குகிற குரலில் ஆரம்பித்தார்.

ஆணுறை: பக்கவிளைவு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் கிழியும், நழுவும், அவசரத்தில் மறந்துபோகும். “அதோட எனக்கு ரப்பர் அலர்ஜி.”

“ரப்பர் செருப்புதானே போட்டிருக்கீங்க?”

காலைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

நாள் பார்த்து ஒதுங்கியிருப்பது: செலவில்லை, மருந்தில்லை. ஆனால் என் மாதக் கணக்கு, சரக்கு அனுப்புகிறவன் சொல்லும் தேதி மாதிரி. நாளைக்கு என்பான், அடுத்த வாரம் வருவான். அதை நம்பிக் கடை திறக்க முடியுமா?

காப்பர் டி: “உனக்குப் பிரமாதமா இருக்கும்.”

எனக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன்: “சின்ன ஆபரேஷன்தான்.”

“நீங்க பண்ணிக்கிட்டா?”

“ஆபரேஷன்னா ஆபரேஷன்தானேம்மா.”

எனக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், சின்னதாம். இவருக்கு மேலோட்டமாக ஒரு கீறல், அது பெரியதாம். இந்தத் தராசை எந்தக் கடையில் வாங்கினார்?

பிப்ரவரி 6

காப்பர் டி பற்றிப் பக்கத்துப் பெயிண்ட் கடை அக்காவிடம் விசாரித்தேன். சரக்கைப் பற்றிப் பயன்படுத்துகிறவரிடம்தான் கேட்க வேண்டும். “எட்டு வருஷமா இருக்கு. இருக்குன்னே மறந்துட்டேன்டி. போட்ட புதுசுல ரெண்டு மூணு மாசம் உசிரை வாங்குச்சு, அப்புறம் அடங்கிருச்சு.”

டாக்டரம்மா இன்னும் விவரமாகச் சொன்னார். ஆரம்பத்தில் உதிரப்போக்கு கூடலாம். வலி இருக்கலாம். எப்போதாவது இடம் நகரலாம், வெளியே வந்துவிடலாம். போடும்போது கர்ப்பப்பையில் குத்திவிடுவது ரொம்ப அபூர்வம். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். “ஆனா உங்களுக்கு ஏற்கெனவே ரத்தம் கம்மி. போட்டுட்டு மூணு மாசம் கவனிப்போம்.”

குறையை முதலில் சொல்லி விற்கிறவரை நம்பி வாங்கலாம். அதுவும் செம்பு. என் கடையிலேயே வருஷக்கணக்கில் உழைக்கிற சரக்கு அதுதான். சரியென்றேன்.

பிப்ரவரி 17

போட்டாயிற்று. “ஒண்ணும் வலிக்காதுன்னு படிச்சேன்” என்றார் இவர், வெளி பெஞ்சில் உட்கார்ந்தபடி. எழுதினவன் ஆம்பளையாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 21

லாரி வந்த நாளும் அந்த நாளும் ஒன்றாய் வந்து சேர்ந்தன. அடிவயிற்றில் யாரோ பைப் ரெஞ்சு போட்டுத் திருகுகிறார்கள். சரக்கை எண்ணிக்கொண்டே சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். இவர் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: “எதிர்பாராத செலவுக்கு நாமதானே சார் தயாரா இருக்கணும்!”

மே 19

ரத்தம் இன்னும் குறைந்திருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. “பொருள் நல்ல பொருள்தான். உங்க உடம்புக்கு இப்ப இது வேண்டாம்” என்று டாக்டரம்மா எடுத்துவிட்டார். பெயிண்ட் கடை அக்காவுக்குத்தான் வருத்தம். அவள் சிபாரிசு செய்த ஆளை நான் வேலையைவிட்டு நிறுத்திவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

இரும்பு மாத்திரை. மறுபடியும் ஆணுறைப் பெட்டி. மறுபடியும் கூரையைப் பார்க்கும் கடைக்காரர்.

மே 25

இன்று நேராகவே கேட்டுவிட்டேன். “நீங்க பண்ணிக்கிறீங்களா, மாட்டீங்களா?”

பலவீனம் வருமாம். பாரம் தூக்க முடியாதாம். ஆண்மை போய்விடுமாம். எங்கே படித்தீர்கள் என்றால், “எல்லாரும் சொல்றாங்க.” டாக்டரம்மா இல்லையென்று சொன்னதை எடுத்துச் சொன்னேன். சில நாள் வீக்கம், வலி. சிலருக்கு ரத்தம் கட்டும், எப்போதாவது சீழ் வைக்கும். மிகச் சிலருக்கு வலி நீடிக்கலாம். நிரந்தரம் என்று நினைத்துத்தான் செய்துகொள்ள வேண்டும். மற்றதெல்லாம் கட்டுக்கதை.

“பாத்தியா, சிலருக்கு வலி நீடிக்கும்!”

பத்து விஷயம் சொன்னால் தனக்குத் தோதானதைப் பொறுக்கிக்கொள்வதற்குத்தான் ஆராய்ச்சி என்று பெயர்.

மாமியார் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போச்சு, ‘என் புள்ளைக்குக் கத்தியா’ என்று ஆரம்பிப்பார் என்று தயாராக நின்றேன்.

“ஏன்டா, இதே பேச்சைத்தான் உங்கப்பாவும் பேசினார். அவர் மட்டும் கொஞ்சம் தைரியசாலியா இருந்திருந்தா, நாலாவதா நீ பொறந்திருக்கவே மாட்டே.”

இவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். திரும்பி வரவே இல்லை.

ஜூன் 22

தள்ளிப்போகிறது. யாரிடமும் சொல்லவில்லை. கிழியவில்லை, நழுவவில்லை. ஒரு நாள் மறந்தோம்.

ஜூன் 24

கல்லாவில் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நடக்காதது. பெரியவள் பள்ளிக்கூடக் கதை ஏதோ சொல்கிறாள், காதில் விழவில்லை. இருந்தால் என்ன செய்வது? மறுபடி அந்த மேஜை, அந்த விளக்கு— எதற்கு இதை எழுதுகிறேன். இரண்டு பிள்ளை இருக்குதே எனக்கு. நான் இல்லன்னா யார் பார்ப்பா?

ஜூன் 25

காலையில் இவரே கேட்டார், “தள்ளிப்போச்சா?” என்று. தலையாட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். தைலமும் இல்லை, இருமல் மருந்தும் இல்லை. சோதித்துப் பார்க்கும் பட்டையை, பையில்கூடப் போடாமல், கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தப் பாலிசிக்காரர் கடையிலேயே வாங்கினாராம்.

ஒரே கோடு. இல்லை. மதியத்துக்குள் அந்த நாளும் வந்துவிட்டது.

குளியலறை வாசலில் இருவரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். இவர் வாய் திறந்தார். “சின்னவ பொறந்த அன்னிக்கு ஒரு நர்ஸ் வெளிய வந்து உன் வளையலை என் கையில குடுத்தாங்க. எதுக்குன்னு நான் கேக்கல. கேட்டா சொல்லிடுவாங்களோன்னு பயம்.”

பிறகு, “டாக்டர்கிட்ட எனக்குத் தேதி வாங்கிடு.”

ஜூலை 6

உள்ளே போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. பெயிண்ட் கடை அக்கா வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்தது என் கணவர் இல்லை. போர்முனையிலிருந்து திரும்பிய தளபதி. முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு இரண்டு. ஐஸ் பையை மாற்றுவதற்கு மகள்கள் முறைபோட்டுக்கொண்டார்கள். “அப்பாவுக்கு என்னம்மா?” என்றாள் சின்னவள். “தைரியம் வந்திருக்குடி” என்றார் மாமியார்.

ஜூலை 18

ஒரு வாரம் பாரம் தூக்கக்கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார். இவர் இன்னும் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்கவில்லை. ஆனால் மிச்சமிருந்த ஆணுறைப் பெட்டியை மட்டும் தானே தூக்கிக் குப்பையில் போட்டார். “இனி எதுக்கு இது? மூடியாச்சு!”

எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. மூடியாச்சு.

ஜூலை 20

இன்று கடையில் ஒரு பிளம்பர். மெயின் வால்வை மூடிவிட்டு உடனே குழாயை அறுத்திருக்கிறார். அந்த வீட்டு வரவேற்பறை முழுக்கத் தண்ணீர். என் வால்வு மட்டமாம், சண்டைக்கு வந்தார். விடுவேனா?

“வால்வை மூடினா உடனே நிக்குமாய்யா? லைன்ல ஏற்கெனவே நிக்கிற தண்ணி எங்க போகும்? அதை வடிய விட்டு, டெஸ்ட் பண்ணிப் பாத்து, அப்புறந்தானே—”

அப்புறம்தானே. அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. “என்னக்கா?” என்றார். அவர் கொண்டு வந்ததற்குப் பதில் புது வால்வை எடுத்துக் கையில் திணித்து அனுப்பிவிட்டு, கடையைப் பெயிண்ட் கடை அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன்.

“டாக்டர் உங்ககிட்ட டெஸ்ட் எதுவும் சொன்னாரா?”

தளபதி தலையணையைத் தடவினார். “ஏதோ சொன்னார்... மூணு மாசம் கழிச்சு ஏதோ ஒரு புட்டியில... அந்த லேப்காரன்கூட நம்ம பாலிசிதான்மா.”

மூன்று மாதம்! சோதனையில் விந்தணு ஒன்றுமில்லை என்று வரும்வரை பழையபடி எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். நானும் அதைப் படிக்கவில்லை. ஊரில் எந்தச் சுவரையும் உள்ளே போன குழாயைச் சோதிக்காமல் பூச விடமாட்டேன். என் வீட்டுச் சுவரை மட்டும் பூசிப் பெயிண்டும் அடித்துவிட்டேன். நல்லவேளை, வீரர் இதுவரை ஓய்வில்தான் இருந்தார்.

“எழுந்திருங்க. புதுப் பெட்டி வாங்கிட்டு வாங்க.”

“நானா?”

“தூக்க முடியாத பாரமா அது?”

போனார். வாங்கி வந்தார். மொத்தமாக எடுத்தால் குறையும் என்று கடைக்காரரே சொன்னாராம்.

அக்டோபர் 12

புட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திருடனைப் போல் லேபுக்குப் போனார். திரும்பி வந்தவர் முகத்தில் ஒளி. லேப்காரர் குரலைத் தாழ்த்தி, தனக்கும் செய்துகொள்ள ஆசை, வலிக்குமா என்று கேட்டாராம். இவர் அங்கேயே உட்கார்ந்து விளக்கியிருக்கிறார். பாலிசி விளக்குகிற குரலில்தான் விளக்கியிருப்பார். “ஒண்ணுமே இல்ல சார், டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்!”

அக்டோபர் 15

முடிவு வந்தது. ஒன்றுமில்லை. லைன் காலி.

காட்டிவிட்டு வரப் போனோம். என் ரத்தமும் ஏறியிருக்கிறது. டாக்டரம்மா இவரைக் கேட்டார், “பக்கவிளைவு ஏதாவது? வலி, வீக்கம்?”

இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். இவதான் இப்பல்லாம் படுத்த உடனே குறட்டை விடறா. முன்னெல்லாம் தூங்கவே மாட்டா.”

நான் குறட்டை விடுவதில்லை. வெளியே வந்ததும் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன். சரி சரி என்றார்.

மாலையில் லாரி வந்தது. இவர் யாரும் கூப்பிடாமலே சட்டையை மடித்துவிட்டு, முதல் கட்டுக் குழாயைத் தோளில் ஏற்றினார்.