இன்னொரு மூட்டை யூரியா

அன்புள்ள அப்பாவுக்கு,

மரியே வாழ்க. உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் எதைச் சொன்னாலும் "சரி தாயி, சரி தாயி" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பருத்திப் படம் பார்த்தேன். "செடி என் தோளுக்கு வந்துருச்சு, இன்னொரு மூட்டை யூரியா போடவா?" என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். போன வருடம் அடியிலை மஞ்சளானது தழைச்சத்துக் குறைவால், அதற்கு யூரியா சரி. இந்த வருடம் இலையெல்லாம் கரும்பச்சை, காயைத்தான் காணோம். சத்து மிஞ்சிவிட்டது அப்பா. வத்தலக்குண்டு வியாபாரி இலையையா எடை போடுவார்?

இங்கே ஆதிலாபாத்தில் விதைக் கம்பெனி வேலை நன்றாகப் போகிறது. நேற்று ஒரு பருத்திக் காட்டில் அடியிலைகள் சிவந்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. மக்னீசியம் குறைவு என்று அரைகுறைத் தெலுங்கில் விளக்கினேன். காட்டுக்கார அம்மா என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, "செடி கிடக்கட்டும், நீ சாப்பிட்டாயா?" என்று சோள ரொட்டியை நீட்டினார். காய்ச்சல் விட்டு எழுந்திருந்தேன், அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

சந்தேகம் தீர அடியிலை ஒன்றும் கொழுந்திலை ஒன்றும் பறித்துப் படம் அனுப்புங்கள். சில குறைகள் அடியிலையில் தெரியும், சில கொழுந்தில்.

ஜீப் வந்துவிட்டது. இலையைத் தரையில் வைத்து எடுக்காதீர்கள். அம்மா கையில் பிடித்திருக்கட்டும், முகமும் படத்தில் விழட்டும். நிறம் சரியாகத் தெரியத்தான் சொல்கிறேன்.

உங்கள் மகள்,
வினோலியா