லீலாவின் முழுக்கைச் சட்டை

அக்கா,

கொடியில் ஒரு சின்ன முழுக்கைச் சட்டை காய்கிறது. பேத்தியின் மகளுக்கு எடுத்தது. அதைப் பார்த்ததிலிருந்து உன் லீலா கண்முன்னே நிற்கிறாள்.

உன் புருஷன் உன்னைத் தள்ளிவைத்துவிட்டு வேறொருத்தியைக் கூட்டிவந்தபோது, நாலு வயது லீலாவைக் கோர்ட்டு அவனிடம்தான் விட்டது. மாதம் ஒருமுறை பிள்ளையை ஜட்ஜியின் முன்னால் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று ஒரு கட்டளை. உனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

காட்டுவதற்கென்றே ஒரு சட்டை வைத்திருந்தார்கள். மணிக்கட்டு வரை மூடும் பட்டுச் சட்டை. முகத்தில் பவுடர். ஜட்ஜி மேலே இருந்தபடியே, "சுகமாணோ மோளே?" என்று மலையாளத்தில் கேட்பார். லீலா மாற்றாந்தாயைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவாள். பக்கத்தில் போக உனக்கு அனுமதி இல்லை.

"இந்த வெயிலுக்கு பிள்ளைக்கு எதுக்கு முழுக்கை?" என்று வராந்தாவில் கேட்டாய்.

"பிள்ளை நல்லா உடுத்தா பெத்தவளுக்குப் பொறுக்கல்ல பாத்தியளா," என்றாள் அந்த மாற்றாந்தாய், எல்லோரும் கேட்க.

வக்கீலிடம் சொன்னாய். "கையைச் சுருட்டிப் பாக்க இது ஆஸ்பத்திரியா?" என்று சிரித்தார்.

அப்போதுதான் எல்லைப் போராட்டம். நம் பக்கத்து ஊர்களெல்லாம் மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போன ஊர்வலத்தில் நீயும் நடந்தாய். "தமிழ்க் கோர்ட்டு வரட்டும் ஏட்டி. வக்கீலு வேண்டாம், எனக்க வாயாலயே சொல்லுவேன்," என்றாய். பஸ் ஓடவில்லை, கோர்ட்டு திறக்கவில்லை. பிள்ளையைக் காட்டும் நாட்கள் அப்படியே கழிந்தன.

பிறகு எல்லைக் கோடு போட்டார்கள். லீலா இருந்த வீடு தமிழ்நாட்டோடு போயிற்று. பாறசாலையில் இருந்த நாம் இந்த மலையாளப் பக்கம். "பிள்ளை அங்கயெங்கில் கேசும் அங்கயாக்கும்," என்றார் இங்கத்திய குமாஸ்தா. "கேஸ் கட்டு இன்னும் வந்து சேரல்ல," என்றார்கள் அங்கே. அவளை யாரும் பார்க்கவில்லை.

அந்த மழைக்காலத்தில், லீலாவுக்குக் காய்ச்சல் என்று ஓர் ஆள் வந்து சொன்னான். நாம் போகும்போது மூச்சு இல்லை. குளிப்பாட்ட நீதான் சட்டையைக் கழற்றினாய். முழங்கைக்கு மேலே பழைய சூடு, அதன்மேல் புதிய சூடு. நீ அழவில்லை. சுற்றி நின்ற பெண்களிடம், "கோர்ட்டுல காட்டின பிள்ளையாக்கும் இது," என்றாய்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கத்துக் கோர்ட்டிலிருந்து உனக்குக் கடிதம் வந்தது, பிள்ளையைக் காட்டும் நாளைச் சொல்லி. வீட்டில் அஞ்சாம் கிளாஸ் வரை படித்தவள் நான்தான். ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். நல்ல தமிழில்தான் எழுதியிருந்தார்கள்.

"இப்ப சட்டமெல்லாம் மாறியாச்சு அம்மச்சி," என்கிறாள் பேத்தி. மாறியிருக்கட்டும். இந்த வீட்டுப் படி ஏறும் எந்தப் பிள்ளையானாலும் நான் முதலில் அதன் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் சுகமா என்று கேட்பேன்.