ஒன்றரை மீட்டர் இடைவெளி

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று. பள்ளி மைதானத்துப் புழுதி முழுக்க வகுப்பறையில். ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள், பாதி திருத்தியாயிற்று. தொண்டை கரகரப்பு.

மாலை வக்கீல் காசிமின் அலுவலகம். மனுவின் கடைசி வடிவம். கேட்பது மூன்று:

- சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும்.
- மில் இருக்கும் சாலைகளில் சைக்கிளுக்குத் தனிப் பாதை.
- மோதினால், தன் மேல் தவறில்லை என்று வண்டிக்காரர்தான் நிரூபிக்க வேண்டும்.

மூன்றாவது, வேன் மோதி இறந்துபோன ரீட்டாவுக்காக. "சைக்கிளில் வந்த பெண் திடீரென வலப்புறம் திரும்பியதால்" என்று போலீஸ் எழுதியிருக்கிறது. என் தங்கை திரும்பவில்லை. அவளோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த பாண்டியம்மாள் பின்னாலேயே சைக்கிளில் வந்தாள், பார்த்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

காசிம்: "பாருங்கம்மா, மோட்டார் வாகனம் பொதுப் பட்டியல்ல இருக்கு. மாநிலம் திருத்தம் கொண்டு வந்தாலும் டெல்லி ஒப்புதல் வேணும். ஆசையக் கொஞ்சம் கொறச்சு வச்சுக்கிடுங்க."

வியாழனன்று சட்டமன்றக் குழு ஒன்று திண்டுக்கல் வருகிறது. நேரில் பேசலாம்.

ஜூன் 10, செவ்வாய்

வேடசந்தூர். மில் ஷிப்ட் விடும் நேரம். வாசலில் பாண்டியம்மாளைப் பிடித்தேன். தலையெல்லாம் பஞ்சு.

மில் பஸ்ஸில் வந்தால் என்ன என்று குழுவில் கேட்பார்கள், என்ன சொல்வாய் என்றேன்.

"பஸ்சு அவுங்க நெனச்ச நேரத்துக்குத்தேன் கெளம்பும் டீச்சர். ஓவர்டைம் பாக்காம ஏற விடமாட்டாங்க. சைக்கிளு கெடந்தா மணி அடிச்சதும் எம்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துருவேன்."

இதை அப்படியே சொல் என்றேன். சிரித்தாள். வியாழக்கிழமைக்கு லீவு கேட்டால் முறைப்பார்களாம். கேட்கிறாளாம்.

ஜூன் 12, வியாழன்

பெரிய கூட்டம். பட்டா, குடிநீர், மயானப் பாதை. எங்கள் முறை வர மதியம் தாண்டிவிட்டது. நான் மனுவைப் படித்தேன். சாலை அதிகாரி ஒருவர், "நாலு வழிச் சாலை வேகமாப் போறதுக்கு. அதுல சைக்கிளுக்கு என்ன வேலை?" பின்னால் சிலர் சிரித்தார்கள்.

பாண்டியம்மாள் எழுந்தாள். "அந்த ரோட்ட அகலப்படுத்துறதுக்கு முன்னாடியிருந்து நாங்க அதுலதேன் போறோம், சார்."

பிறகு ரீட்டாவைப் பற்றிச் சொன்னாள். ஓரமாகத்தான் போனாள், வேன் உரசியது, விழுந்தாள். ஆம்புலன்ஸ் வரும் வரை மடியில் வைத்திருந்தாளாம். "ஒத்தச் செருப்பக் காணோம், தேடுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு, சார்."

அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். இவ்வளவு நாளும் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெண்கள் பாதுகாப்பு முக்கியம்" என்றார். எழுதிக்கொண்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் பாண்டியம்மாள்: "சொன்னா தாங்க மாட்டீகன்னுதேன் சொல்லல." டீ வாங்கிக் கொடுத்தாள். அம்மாவிடம் சொல்லக் கூடாது.

ஜூன் 20, வெள்ளி

காசிம் போன். குழுவின் அறிக்கை இன்னும் சட்டமன்றத்துக்கே போகவில்லை. அதற்குள் மேலிடத்திலிருந்து மில்களுக்கு வாய்மொழி அறிவுரை. தொழிலாளர்களை பஸ்ஸிலேயே அழைத்து வர வேண்டும், சைக்கிளை ஊக்குவிக்க வேண்டாம்.

ஒன்றரை மீட்டர்? "அது மத்தியச் சட்டம்னு தள்ளிட்டாங்கம்மா."

இரவுச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். அம்மா, "ஜெசிந்தா, மோர்ச் சோறாவது சாப்டு" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

பாண்டியம்மாள்: "சைக்கிள் ஸ்டாண்டப் பூட்டிட்டாய்ங்க டீச்சர். ஒங்க மனுவாலதேன்னு சூப்பர்வைசர் எல்லார்ட்டயும் சொல்றான். நான் ஒங்கள வையல. மத்தவளுக வையிறாளுக."

வைதால் சரிதான். நேற்று எல்லோரும் வீடு சேர இருட்டிவிட்டதாம்.

ஜூன் 26, வியாழன்

எம்.எல்.ஏ. அலுவலகம். நெடுநேரம் பெஞ்சில். கடைசியில் உள்ளே.

"நீங்க கேட்டது பாதுகாப்புதானம்மா? பஸ்ஸே விட்டாச்சே."

சட்டம் கேட்டோம் என்றேன்.

"சட்டம்லாம் நாளாகும்." அடுத்த வாரம் விழாவாம். மில் பெண்களுக்கு, வண்டி வெளிச்சத்தில் மின்னும் சட்டை வழங்குகிறார்கள். மேடையில் ரீட்டா படம் வைத்து, நான் கையால் கொடுக்க வேண்டுமாம். படத்தைத் தர மாட்டேன் என்றேன். உதவியாளர் கதவைத் திறந்து நின்றார்.

வரும் வழியில் உளுந்து, தீப்பெட்டி.

ஜூன் 29, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து பாண்டியம்மாளின் ஊர். மில் பெண்கள் வேப்பமரத்தடியில். ஒருத்தி முகத்துக்கு நேராக: "நீங்க வாத்தியார் வேல பாக்குறீக, மாசச் சம்பளம். எங்க சைக்கிளு போச்சு. இப்ப எதுக்கு வந்தீக?"

அவர்களோடு தரையில் உட்கார்ந்தேன்.

பாண்டியம்மாள்தான் பேசினாள். அடுத்த மனுவில் முதல் வரி இப்படி இருக்க வேண்டும் என்றாள்: சைக்கிளில் வருகிறவரைத் தடுக்க எவருக்கும் உரிமை கிடையாது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். என் மூன்றிலும் இது இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

சிலர் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். பலர் எழுந்து போனார்கள். வைதவளும் போனாள்.

ஜூன் 30, திங்கள்

பாண்டியம்மாள் சைக்கிளிலேயே வேலைக்குப் போயிருக்கிறாள். வெளியே வேலிக் கம்பியில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு உள்ளே. இன்னும் இரண்டு பேரும் அப்படியே. ஷிப்ட் முடிந்ததும் மூவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

போனில் குரல் மாறவே இல்லை. "நாளைக்கும் போவேன் டீச்சர். உள்ள விடலன்னா கேட்டுல நிப்பேன். நீங்க மெட்ராசுக்குப் போயி அந்தக் குழுக்காரங்கட்ட மொத வரியக் குடுங்க."

தலைமையாசிரியை லீவு தரவில்லை. இல்லாமலே போகிறேன். ரயிலில் இடம் இல்லை. பஸ்.